நின்ற இடத்தில் திருப்புவது

டை ராடு எண்டு என்பது உள்ளங்கை கொள்ளும் இரும்பு.
ஒரு குண்டு, ஒரு கிண்ணம், நடுவே கொஞ்சம் கிரீஸ்,
மேலே போர்த்திய ரப்பர் உறை.
வேனோடு வந்தது பதினோரு வருடம் உழைத்தது.
அடுத்தது ஒன்றரை வருடம்.
மூன்றாவது,
ஆப்பிள் பூத்துக் காய்ப்பதற்குள்
ஆடத் தொடங்கிவிட்டது.

நான் ரொட்டி விற்கிறவள்.
தல்காவேயில் சுட்டதைச் சூடு ஆறுவதற்குள்
கிஞ்சாவோ தீவுக்குக் கொண்டுபோக வேண்டும்.
நேர்ச்சாலையிலும் வேன் இடப்பக்கம் இழுத்தது,
சந்தையில் கையைப் பிடித்திழுக்கும் பிள்ளை மாதிரி.

மழையைத் திட்டினேன்.
சீலோயேயில் மழையைத் திட்டுவது
மீனைப் பார்த்து ஈரம் என்பது போல.
சரளைச் சாலையைத் திட்டினேன்;
துவைக்கும் பலகைபோல் வரிவரியாய்க் கிடக்கும்,
ஏறினால் கதவு, தட்டு, கடைவாய்ப் பல் எல்லாம் பேசும்.
காஸ்த்ரோவில் அட்டைப்பெட்டி இல்லாமல் விற்ற
அந்தக் கடைக்காரனைப் பெயர் சொல்லியே திட்டினேன்.

ஒனோஃப்ரே மில்லாகுரா வேனுக்கு அடியில்
மல்லாந்து படுத்தான்.
அரைமணி நேரம் அவன் பூட்ஸ் மட்டும் எனக்குத் துணை.
"திருப்பு" என்றான். திருப்பினேன்.
"அந்தப் பக்கம்." திருப்பினேன்.
"எனக்காகத் திருப்பாதே. தினமும் திருப்புற மாதிரி."
திருப்பினேன்.
கீழே ஏதோ முனகியது. அவனாகவும் இருக்கலாம்.
"இதை எங்கே கத்துக்கிட்டே?"

எங்கே? படகில்தான்.
ஒரு மர லாரி, நாலு கார், வைக்கோல் ஏற்றிய டிராக்டர்,
மீதி இடத்தில் என் வேன்.
நொல்பெர்த்தோ இரண்டு கையாலும் காற்றைப் பிசைவான்:
ஒடி, ஒடி, முழுசா ஒடி.
நின்ற நிலையிலேயே கடைசிவரை ஒடிப்பேன்.
போக நாலு முறை, வர நாலு முறை,
ஞாயிறு நீங்கலாக.
பவர் ஸ்டியரிங், ஒற்றை விரல் போதும்.

"உன் விரலுக்கு அது வெண்ணெய்" என்றான் ஒனோஃப்ரே,
"இரும்புத் தளத்தில் டயர் நகர மாட்டேங்குது.
அந்தச் சண்டை முழுக்க இந்தக் குண்டுக்கு."
பிறகு சக்கரத்தைத் தட்டினான்.
மைத்துனன் குமெர்சிந்தோ மாட்டிக்கொடுத்த அகலச் சக்கரம்,
மட்கார்டுக்கு வெளியே நாலு விரல்.
நீண்ட பிடி உள்ள நெம்புகோல் மாதிரி
ஒவ்வொரு குழியும் அதைப் பிடித்து முறுக்குமாம்.
எனக்கு அந்தச் சக்கரங்கள் பிடிக்கும்.
அவற்றோடு இறங்கினால் வேனுக்கு
யாரோ புதுச் சட்டை போட்டுவிட்டது போலிருக்கும்.

கடைசியாக, வலப்பக்கம் மூலையில்,
இருபத்தாறு வருடமாக யாரும் கை வைக்காத
ஐட்லர் ஆர்மை இரண்டு விரலால் ஆட்டினான்.
பால் பல் மாதிரி ஆடியது.
அது தொய்ய, நீளக் கம்பி சாய,
சாய்ந்த கம்பி உறையைக் கிழிக்க,
கிழிசலில் உப்புத்தண்ணீர், தண்ணீரோடு மணல்.
மூன்று முறை நான் காசு கொடுத்து மாற்றியது
அடி வாங்கியவனை.

சக்கரங்களை ஒரு பையன் வாங்கிக்கொண்டான்,
பழைய பிக்கப், சிவப்பு, நிறைய பாட்டு.
சொல்லியிருக்கலாம்.
பணத்தை எண்ணிக்கொண்டிருந்தேன்.

இப்போது படகில் நொல்பெர்த்தோ
ஒடி என்று கத்தும்போது
பிரேக்கை ஒரு மூச்சு விடுகிறேன்.
வேன் ஒரு விரற்கடை உருளும்,
அந்த விரற்கடைக்குள் திருப்புகிறேன்.
முன்னாலிருக்கும் லாரியைக் காட்டி அவன் கெட்டவார்த்தை சொல்கிறான்.
ரொட்டி ஒன்றை நீட்டுகிறேன்.
வாங்கிக்கொண்டும் சொல்கிறான்.